கிணறு வென்ற கதை

போன மாதம் எங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, உடைந்து கிடந்த சுற்றுச் சுவரையும் புதிதாகக் கட்டி முடித்தாயிற்று. தண்ணீர் நல்ல தண்ணீர். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உவர் இல்லாத கிணறு என்றால் என்னவென்று தெரியும். சேறு அள்ளியது விளையாட்டுக் கழகத்துப் பெடியள். அள்ளும்போது அவர்களின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. கிணறு வேண்டவே வேண்டாம் என்று வாக்குப் போட்டவர்கள் அவர்கள். அதைவிடப் பகிடி, கிணற்றை வெல்ல வைத்ததும் அவர்கள்தான்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் சேர்ந்து ஆறு இலட்சம் ரூபாய் அனுப்பியிருந்தார்கள். "ஒரு வேலையை முழுசாச் செய்யுங்கோ, மூண்டு வேலையை அரைகுறையாச் செய்யாதேங்கோ" என்று ஒரு நிபந்தனை. முன்னொரு தடவை அப்படிச் செய்து, அந்த அரைச் சுவர் இன்னும் முன்பள்ளிக்குப் பின்னால் நிற்கிறது. சரி என்று சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம். மூன்று கோரிக்கைகள் வந்தன. கரப்பந்து மைதானத்துக்கு மின்விளக்கு. பொதுக் கிணறு. வாசிகசாலைக் கூரை, மழை வந்தால் பத்திரிகை மேசையை மூலைக்கு மூலை இழுத்துத் திரிய வைக்கும் கூரை அது.

வந்தவர்கள் 47 பேர். தலைவர் அண்ணை வழமைபோல "கையை உயர்த்துங்கோ" என்றார். விளக்குக்கு 23, கிணற்றுக்கு 15, கூரைக்கு 9. பெடியள் விசில் அடித்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து கைகளைவிட முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அந்தக் கிணற்றுக்குக் குடத்தோடு போகிற ஒரு சின்னம்மா, முன்வரிசையில் இருந்த மகன் திரும்பிப் பார்த்ததும் விளக்குக்குக் கையைத் தூக்கினா. முழுசாகக்கூட இல்லை, காது மட்டத்துக்கு.

பொருளாளர் விடவில்லை. "47 பேரில 23 எண்டால் பாதிகூட இல்லை. மிச்ச 24 பேருக்கும் விளக்கு வேண்டாம் எண்டுதானே அர்த்தம்?" என்று எழும்பினார். பெடியள் "கூட வாக்கு எடுத்தவன் வெண்டவன்தானே" என்றார்கள். இரண்டு பக்கமும் சரிதான். இப்படிப்பட்ட நேரத்தில் கணித ரீச்சர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வெடுத்தவள் நான். ஆசிரியர் என்றால் தேர்தல் கடமை தேடி வரும். வாக்களிப்பு நிலையத்திலும் இருந்திருக்கிறேன், யாழ் மத்திய கல்லூரியில் விடிய விடிய வாக்கும் எண்ணியிருக்கிறேன். அந்தத் துணிச்சலில், "எல்லாருக்கும் ஒரு துண்டுத் தாள் தாருங்கோ. மூண்டையும் 1, 2, 3 எண்டு வரிசைப்படுத்தி எழுதட்டும். பேர் வேண்டாம்" என்றேன். தட்டை வடையும் தேத்தண்ணியும் முடிவதற்குள் 47 தாளும் வந்துவிட்டன. கரும்பலகையில் எழுதினேன்.

விளக்கு, கூரை, கிணறு என்ற வரிசையில் 19 தாள்.
கிணறு, கூரை, விளக்கு என்று 16.
கூரை, கிணறு, விளக்கு என்று 8.
கூரை, விளக்கு, கிணறு என்று 4.

முதலிடத்தை மட்டும் எண்ணினால் விளக்கு 19, கிணறு 16, கூரை 12. இப்போதும் விளக்குத்தான் முன்னால். ஆனால் கையில் 23 ஆக இருந்தது தாளில் 19 ஆகிவிட்டது. அந்த நான்கு கையும் யாருடையவை என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

பொருளாளர் கேட்டபடி, யாருக்கும் பாதி வராததால் ஆகக் குறைந்த கூரையை நீக்கி, அந்த 12 தாளின் இரண்டாம் இடத்தைப் பார்த்தேன். 8 கிணற்றுக்கு, 4 விளக்குக்கு. கிணறு 24, விளக்கு 23. ஒரே ஒரு வாக்கில் கிணறு!

வாசிகசாலைப் பொறுப்பாளர், பாவம், அதுவரை வாயே திறக்காத மனிதர், "ரீச்சர், கூரையையும் விளக்கையும் மட்டும் நிப்பாட்டினால்?" என்று கேட்டார். பார்த்தேன். கூரை 28, விளக்கு 19. கூரையையும் கிணற்றையும் நிறுத்தினால் கூரை 31, கிணறு 16. தனித்தனியாக மோதினால் இரண்டையும் விழுத்துகிறது கூரை. அதே கூரை மற்ற இரண்டு கணக்கிலும் கடைசி.

இது எங்கள் ஊர்ப் புதுமை இல்லை. பிரான்சில் கொண்டோர்சே என்ற கணிதர் சோடி சோடியாக ஒப்பிடும் இந்தக் கணக்கை 1785 இலேயே எழுதி வைத்தார். ஆனால் புத்தகத்தில் படிப்பது வேறு, கரும்பலகையில் மூன்று விடை எழுதிவிட்டு 47 பேரைத் திரும்பிப் பார்ப்பது வேறு. அவர்கள் ஏதோ நான் வித்தை காட்டியதுபோல என்னைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி வைப்போம் என்று தலைவர் அண்ணை கூட்டத்தைக் கலைத்தார்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. தேர்தல் கடமைக் காலத்தில் கண்ட எல்லாம் திரும்பி வந்தது.

என் அப்பாச்சி 1936 இல் வாக்களித்தவ. அந்தக் காலத்தில் வாக்குச் சீட்டில் சின்னம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. பிடித்தவரின் நிறத்துப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எந்த நிறப் பெட்டியில் போட்டா என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அன்று கட்டிய சேலையின் நிறத்தைக் கேட்காமலே சொல்லுவா, சொல்லிவிட்டுச் சிரிப்பா. சின்னங்கள் வந்தது 1947 தேர்தலோடு. அதற்கும் முன்னால் 1931 இல், எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலையே வடக்கில் நான்கு தொகுதிகள் புறக்கணித்தன. வாக்குப் போடாமல் விடுவதும் எங்கள் பக்கத்தில் பழைய முறைதான். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். நாடு முழுவதும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்தது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்கு. அதைப் பற்றி இங்கே ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் ஒவ்வொரு கருத்து உண்டு, நான் அதற்குள் போகவில்லை.

ஒரு தொகுதியில் கூட வாக்கு எடுத்தவரே எம்.பி. ஆகும் பழைய தொகுதி முறையைப் பற்றி அப்பா ஏங்கிக் கதைப்பார். "அப்ப எங்கட எம்.பி. ஆர் எண்டு தெரியும்" என்பார். உண்மை. ஆனால் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 வீதம், சிறிலங்கா சுதந்திரக் கட்சிக்கு 36.9 வீதம். கூட வாக்கு எடுத்த கட்சிக்கு 17 ஆசனம், குறைய எடுத்த கட்சிக்கு 91. இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பிரித்துக்கொண்டு நின்றதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அப்படிப் பிரித்துக்கொள்ளச் சொன்னதே அந்த முறைதானே? 1977 இல் கதை தலைகீழ். ஐக்கிய தேசியக் கட்சி 51 வீதத்தோடு 168 இல் 140. சுதந்திரக் கட்சி பதினெட்டரை இலட்சம் வாக்கு எடுத்து 8 ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணி நாலு இலட்சத்துச் சொச்சம் எடுத்து 18 ஆசனம். அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். வாக்கு ஓரிடத்தில் திரண்டிருந்தால் அந்த முறை அள்ளிக் கொடுக்கும், நாடு முழுக்கப் பரந்து கிடந்தால் கையை விரிக்கும். எங்களுக்கு அள்ளிக் கொடுத்ததால் அப்பாவுக்கு அது நல்ல முறை.

அதன் பிறகு விகிதாசார முறை, கட்சி எடுத்த வாக்கின் அளவுக்கேற்ப ஆசனம். யாழ் தேர்தல் மாவட்டம் என்பது கிளிநொச்சியும் சேர்ந்த ஒரே தொகுதி போலாயிற்று. 1988 இல் திருத்தம் வந்து விருப்பு வாக்கு சேர்ந்தது. கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி), பிறகு அந்தக் கட்சிக்குள் விரும்பிய மூவர் வரைக்கும் இலக்கத்தின் மேல் புள்ளடி. இந்த மூன்று புள்ளடி சனத்தின் நடத்தையை எப்படி மாற்றியது என்பதை வாக்கெண்ணும் மேசையில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும். கட்டுக் கட்டாகப் பிரித்து விருப்பு வாக்கு எண்ணும்போது ஒரு ஊர் வாடையே வரும். ஒரு புள்ளடி கட்சியில் பெரிய ஆளுக்கு. ஒன்று எங்கட ஊர் ஆளுக்கு. மூன்றாவது, பழைய மாணவர் சங்கத்துக்கோ மச்சானின் சொந்தத்துக்கோ. வேட்பாளர்களும் அப்படியே மாறினார்கள். சுவரொட்டியில் சின்னம் சின்னதாகி இலக்கம் பெரிதாயிற்று. தன் கட்சிக்காரரின் சுவரொட்டிக்கு மேலேயே தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போவார்கள். எதிர்க்கட்சிக்காரர் எடுத்தால் கட்சிக்கு நட்டம். தன் கட்சிக்காரர் எடுத்தால் தன் கதிரை போச்சு. எதற்குப் பயப்படுவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

நிராகரிக்கப்பட்ட சீட்டுகளைப் பற்றியே தனியாக எழுதலாம். வீட்டுச் சின்னத்துக்குப் பக்கத்தில் "எனக்கும் ஒண்டு கட்டித் தாங்கோ" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்த ஒன்றைப் பார்த்து அன்று மேசையே சிரித்தது. ஆனால் பெரும்பாலானவை பகிடி இல்லை. மூன்று புள்ளடி போடலாம் என்று கேள்விப்பட்டு மூன்று கட்சிக்குப் போட்டவர்கள். அது முறையின் பிழை, அந்தக் கிழவிகளின் பிழை இல்லை. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 என்று இலக்கம். நவம்பரில் பாராளுமன்றத்துக்குப் புள்ளடி. எட்டு வாரத்துக்குள் இரண்டு விதமான சோதனைத் தாள். நாடு முழுக்க நிராகரிக்கப்பட்டவை முதல் தடவை மூன்று இலட்சம், அடுத்த தடவை ஆறரை இலட்சத்துக்கும் மேல்.

அந்த நவம்பர்க் கணக்கை அப்போதே கலண்டரின் பின்பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு 6 ஆசனம். நாற்பதுக்கு மேற்பட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும். தேசிய மக்கள் சக்தி 80,830. தமிழரசுக் கட்சி 63,327. தமிழ்க் காங்கிரஸ் 27,986. சுயேச்சைக் குழு 17, 27,855. அதற்குக் கீழே, ஆசனப் பங்கீட்டுக்குள் வரத் தேவையான 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியும் (ஈ.பி.டி.பி.).

முதலில் வந்தவருக்கு ஒரு ஆசனம் போனஸ். மிச்சம் 5. வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் மொத்த வாக்கு, ஏறத்தாழ இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம், அதை 5 ஆல் வகுத்தால் ஒரு ஆசனத்தின் விலை 48 ஆயிரம். முழுசாக விலை கட்டக்கூடியவர்கள் இரண்டே பேர்: தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. மீதி மூன்றும் ஆகக் கூடிய மிச்சத்துக்கு. தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் 32 ஆயிரத்துச் சொச்சம், காங்கிரஸின் 28 ஆயிரம், சுயேச்சைக் குழுவினதும் கிட்டத்தட்ட அதே. தமிழரசின் மிச்சம் 15 ஆயிரம்தான். ஆக 3, 1, 1, 1. கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம்.

போனஸ் இல்லாமல் ஆறையும் இதே முறையில் பகிர்ந்தால் தமிழரசுக்கு 2, தேசிய மக்கள் சக்திக்கு 2. பல நாடுகளில் செய்வதுபோல, டி ஹொண்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் ஒன்றால், இரண்டால், மூன்றால் வகுத்துப் பெரிய எண்களை வரிசையாக எடுத்தாலும் அதே 2, 2, 1, 1. சனம் ஒரு புள்ளடியையும் மாற்றவில்லை. வகுக்கும் எண் மட்டும் மாறியது.

எனக்குப் போனஸ் ஆசனம் என்றால் ஆகாது. யார் வாங்கினாலும் ஆகாது. 2013 இல் வட மாகாண சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இல் 30 எடுத்தபோது அதில் இரண்டு போனஸ். அன்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, நான் உட்பட.

இன்னொன்று. 5 வீதத்துக்குக் கீழே நின்றவர்களுக்கு விழுந்த வாக்கை எல்லாம் கூட்டினால் 80 ஆயிரத்தைத் தாண்டும். முதலாவதாக வந்த கட்சிக்கு விழுந்ததை விடக் கூட. ஒரு ஆசனமும் இல்லை. போட்டியிட்ட ஒவ்வொரு குழுவும் "5 வீதம் எடுத்தால் போதும், மிச்சத்தில ஒரு ஆசனம் வரும்" என்று கணக்குப் போட்டிருக்கும். மிச்சத்துக்கு ஆசனம் கொடுக்கும் முறை சின்னக் குழுக்களைக் கூப்பிடுகிறது. கூப்பிட்டவர்கள் எல்லாம் வந்தால் ஒருவருக்கும் சோறு இல்லை. தொகுதி முறை இருந்திருந்தால் பாதிப் பேர் வேட்புமனுவே கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் வேறு மாதிரி. எங்கள் நாட்டில் அதற்கு நல்லதொரு முறை இருக்கிறது, பாவிக்கத்தான் ஆளில்லை. 50 வீதத்தை ஒருவரும் தாண்டாவிட்டால் முதல் இருவரையும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டுகளில் இந்த இருவரில் ஒருவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1982 முதல் எட்டுத் தேர்தலில் அதற்குத் தேவையே வரவில்லை. 2024 இல்தான் முதன்முதலாக வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76. மற்றவர்களுக்கு விழுந்த சீட்டு 33 இலட்சம். அந்த 33 இலட்சத்தில் இரண்டாவது எண்ணிக்கையில் பயன்பட்டது எவ்வளவு தெரியுமா? 2 இலட்சத்து 73 ஆயிரம். பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை.

யாழ்ப்பாணத்தில் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 1,16,688 வாக்கு எடுத்து, சஜித்துக்கு அடுத்ததாக வந்தார். அவர் ஜனாதிபதி ஆகமாட்டார் என்று போட்டவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இப்படியான ஆளுக்கு 1 போட்டுவிட்டு, "சரி, தெற்கில் இருப்பவர்களில் இவர் பரவாயில்லை" என்று 2 போடுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த முறை அது. ஆனால் என் காதில் விழுந்த பிரசாரம் எல்லாம், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும், "எங்களுக்கு மட்டும் போடுங்கோ, வேற ஒண்டும் கிறுக்காதேங்கோ" என்பதுதான். பக்கத்து வீட்டு அம்மா என்னிடமே கேட்டா, "பிள்ளை, ரெண்டு போட்டால் ஒண்டு செத்துப்போகுமோ?" சாகாது அம்மா, ஒன்று விழுந்த பிறகுதான் இரண்டைப் பார்ப்பார்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். தலையாட்டினா. போய் ஒரு புள்ளடி போட்டுவிட்டு வந்தா. எட்டுத் தேர்தலில் தேவைப்படாத ஒன்றை ஒன்பதாவதில் நம்பு என்றால் யார் நம்புவார்?

மெல்பேணில் இருக்கும் தங்கச்சிக்கு இது விளங்கவே இல்லை. அங்கே கீழ்ச்சபைக்கு எல்லாப் பெட்டியிலும் இலக்கம் போடாவிட்டால் சீட்டுச் செல்லாது. வாக்களிக்கப் போகாவிட்டால் தண்டம். விருப்பு வரிசை முறை வந்து நூறு வருடத்துக்கு மேல், கட்டாய வாக்களிப்பு 1924 முதல். வாசலில் கட்சிக்காரர் நின்று "இந்த ஒழுங்கில் இலக்கம் போடுங்கள்" என்று அட்டை கொடுப்பார்களாம். அவளின் மகள் சின்னக் கட்சிக்கு 1 போட்டுவிட்டு, பெரிய கட்சிகளில் தனக்கு ஆகாததைக் கடைசியில் தள்ளிவிட்டு நிம்மதியாக வந்து சொசேஜ் சாப்பிடுகிறாள். வாக்கு வீணாகும் என்ற பயமே அவளுக்கு இல்லை. லண்டனில் இருக்கும் மச்சானுக்கோ அந்தப் பயம்தான் எல்லாம். அங்கே எங்கள் பழைய தொகுதி முறை மாதிரித்தான். 2024 இல் தொழிற்கட்சி 33.7 வீத வாக்குக்கு 650 இல் 411 ஆசனம் எடுத்தது. அவன் ஒவ்வொரு தேர்தலிலும் பிடிக்காதவனைத் தோற்கடிக்கத்தான் போடுகிறான், பிடித்தவனுக்குப் போட்டதே இல்லை. மூன்று பேரும் ஒரே அம்மம்மாவின் வழி. குணம் ஒன்று. சீட்டு வேறு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

புள்ளி முறை வைப்போம் என்று தலைவர் அண்ணை முடிவெடுத்தார். முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1, கடைசிக்கு 0. யோசனை என்னுடையது, மறைக்கவில்லை. முதல் கூட்டத்துத் தாள்களை அப்படிக் கூட்டிப் பார்த்திருந்தேன்: கூரை 59, விளக்கு 42, கிணறு 40. எல்லோருக்கும் இரண்டாவதாகவாவது பிடித்த கூரை வெல்லும், ஊர் சமாதானமாகப் போகும் என்று நினைத்தேன். முட்டாள்தனம் என்னவென்றால், முறையை ஒரு கிழமைக்கு முன்பே அறிவித்ததும், பழைய தாள்களின் கணக்கைக் கரும்பலகையில் அழிக்காமல் விட்டதும்.

பெடியள் அதைப் போனில் படம் எடுத்திருக்கிறார்கள். கழகத்துச் செயலாளர் தம்பி நான் படிப்பித்தவன், கணிதத்தில் ஏ. மாலையில் கரப்பந்து முடிந்து, வலைக்குக் கீழே இருந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தங்களுக்குப் போட்டி கூரை. கூரைக்குத் தாங்களே 19 புள்ளி கொடுக்கிறார்கள். அதைக் கொடுக்காமல் கூரையைக் கடைசியில் போட்டால் கூரை 40 ஆக விழும். விளக்கு 42. இரண்டு புள்ளியில் வெற்றி! வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் உத்தரவு போயிருக்கிறது: விளக்கு 2, கிணறு 1, கூரை 0.

அதே 47 பேர் வந்தார்கள். பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் தாள் கொடுத்தோம். நான் கரும்பலகையில் கூட்டக் கூட்ட முன்வரிசையில் இருந்து குசுகுசுப்பு. விளக்கு 42 என்று எழுதினேன். ஒருவன் கையைப் பொத்தி உயர்த்தினான். கூரை 40 என்று எழுதினேன். விசில். கிணறு 59 என்று எழுதினேன்.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்னால் இருந்து அந்தச் சின்னம்மா சிரித்தா. முதல் கூட்டத்தில் காது மட்டத்துக்குக் கை தூக்கினவ.

கூரையில் இருந்து பிடுங்கிய 19 புள்ளியும் எங்கேயாவது போகத்தானே வேண்டும். அது கிணற்றில் போய் விழுந்துவிட்டது. 40 இல் நின்ற கிணறு 59. தங்களுக்கு இரண்டாவதாகப் பிடித்ததை விழுத்தி, கடைசியாகப் பிடித்ததைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கிணற்றுக்காரர் ஒரு சூழ்ச்சியும் செய்யவில்லை, அவர்கள் தாள் போன கிழமை போலவே இருந்தது. செயலாளர் தம்பி என்னிடம் வந்து மெதுவாக, "ரீச்சர், கிணத்தை நாங்கள் கணக்கிலயே எடுக்கேல்ல" என்றான். சோதனையில் கடைசி வரியைப் பார்க்காமல் விட்ட பிள்ளையின் முகம்.

நான் அவனைக் குறை சொல்லவில்லை. 1973 இல் கிப்பார்ட் என்பவரும் 1975 இல் சட்டர்த்வெயிற் என்பவரும் தனித்தனியாக நிறுவிய விடயம் இது. மூன்றோ அதற்கு மேலோ வெல்லக்கூடிய தெரிவுகள் இருந்து, ஒரே ஆளின் விருப்பம் முடிவாகிவிடாமல், சீட்டுக் குலுக்காமல் தெரிவு செய்யும் எந்த முறையிலும், யாரோ ஒருவருக்கு எப்போதாவது மனதில் இருப்பதை மாற்றி எழுதுவது இலாபமாக இருக்கும். ஒரு முறையும் தப்பாது. பெடியள் செய்தது எந்த ஊர் வாக்காளனும் செய்வதைத்தான். கூட்டல் மட்டும் அரைவாசியில் நின்றுவிட்டது.

பொருளாளர் மட்டும் இன்னும் திருப்திப்படவில்லை. அடுத்த தடவை பேசாமல் திருவுளச்சீட்டுப் போடுவம் என்கிறார். உள்ளூராட்சிச் சபைகளைப் பார்த்து வந்த எண்ணம். 2018 முதல் அங்கே கலப்பு முறை. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். யாழ் மாநகர சபையில் 27 வட்டாரம், மொத்தம் 45 பேர், பெரும்பான்மைக்கு வேண்டிய 23 எந்தக் கட்சிக்கும் இல்லை. சபைகளில் தவிசாளர் தெரிவில் வாக்குச் சமனாக வந்தால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு. இத்தனை இலட்சம் பேர் வரிசையில் நின்று போட்ட வாக்கு கடைசியில் ஒரு மடித்த துண்டில் வந்து நிற்கிறது என்று சிலர் நொந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. சீட்டுக்கு வட்ஸ்அப்பில் உத்தரவு அனுப்ப முடியாது.

நேற்று மாலை செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்தான். கனடாவில் இருந்து இன்னொரு தொகை வரப்போகிறதாம், கொஞ்சம்தானாம், விளக்குக்குக் காணுமாம். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தான். என்னென்ன வேலைகள் போட்டிக்கு வரும் என்று நான் கேட்டேன். அதைப் பற்றி அவனுக்கு அக்கறையே இல்லை. "அது வரட்டும் ரீச்சர். எந்த முறையில எண்ணப் போறியள்? அதை முதல்ல சொல்லுங்கோ" என்றான். காற்சட்டைப் பையில் இருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள் ஒவ்வொன்றும் வரிசையாக எழுதியிருந்தன, பக்கத்தில் 1, 2, 3 என்று பென்சிலால். என் வீட்டுக்கு நேரே மட்டும் கேள்விக்குறி.